ஊருக்குள் வராத விருந்தாளிகள்

மாமல்லபுரம் போய்விட்டு வந்தவர்கள் என்னைப் பார்த்தால் தவறாமல் சொல்லும் வார்த்தை, “உங்க ஊரு ரொம்ப டெவலப் ஆயிடுச்சு.” சொல்லும்போதே போனை எடுத்துப் படம் காட்டுவார்கள். கடலைப் பார்த்த நீச்சல்குளம், வெள்ளைத் துணி கட்டிய பந்தல், மணலில் மூங்கில் நாற்காலி. “ஊருக்குள்ள எங்க சாப்பிட்டீங்க?” என்று கேட்பேன். “ஊருக்குள்ள போகவே இல்லை. எல்லாம் ரிசார்ட்லயே இருந்துச்சு. வரும்போது கடற்கரைக் கோயிலை மட்டும் பார்த்துட்டு வந்தோம்.”

அந்தப் பதில்தான் உறுத்துகிறது. வந்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. இரண்டு நாள் விடுமுறையில் குடும்பத்தோடு நிம்மதியாக இருந்துவிட்டுப் போக யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஊர் எப்படி மாறியது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. ஓட்டு வீடு மாடி வீடாவதும், பெட்டிக்கடை பேக்கரியாவதும் எல்லா ஊரிலும் நடப்பதுதான். அதைப் பற்றி நான் அழப்போவதில்லை. ஊரை வைத்துப் பிழைக்கிற தொழில் ஒன்று, ஊர்க்காரர்கள் யாருமே தேவைப்படாமல் நடக்க முடிகிறது. எங்கள் ஊருக்கு இதுதான் புதுசு.

நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அப்பா கிழக்கு ராஜ வீதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதிய சைக்கிள்கள் வாசலில் சாய்ந்து நிற்கும். உப்புக் காற்றில் ரிம் இரண்டு நாளில் துரு ஏறிவிடும் என்பதால், ராத்திரி கடை மூடுவதற்கு முன் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒவ்வொரு ரிம்மையும் துடைத்து, அப்புறம் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது எனக்கும் வேலை. ஒரு நோட்டில் நேரம் குறிப்பார், அட்வான்ஸ் வாங்கிக்கொள்வார். வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் நாள் வாடகைக்குத்தான் எடுப்பார்கள். வடக்கே 5 கிலோமீட்டர் தள்ளி சாளுவன்குப்பத்தில் இருக்கும் புலிக்குகைவரை மிதித்துக்கொண்டு போய், வெயிலில் சிவந்து திரும்பி வருவார்கள். வந்ததும் அப்பா முதலில் பானைத் தண்ணீர் கொடுப்பார், சைக்கிளை அதற்கப்புறம்தான் பார்ப்பார்.

அவர்கள் தங்கியிருந்தது ஒத்தவாடை தெருவில். கடலைப் பார்க்கப் போகும் அந்தத் தெருவும் அதன் குறுக்குத் தெருக்களும் 1980, 90களில் எப்படி இருந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே மீனவக் குடும்பம் இருக்கும், மேலே இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பார்கள். அந்த அறைக்கு வந்தவர் காலையில் தெருமுனையில் ஆயா சுடும் இட்லியைச் சாப்பிடுவார். எங்களிடம் சைக்கிள் எடுப்பார். போட்டிருக்கும் பேன்ட்டைத் தையல்காரரிடம் காட்டி அதே அளவில் இன்னொன்று தைக்கச் சொல்வார். சாயங்காலம் ஓட்டல் பையன் அன்று கரைக்கு வந்த மீனைத் தட்டில் வைத்து மேசைக்கே கொண்டுவந்து காட்டுவான். வஞ்சிரமா, இறாலா, நண்டா என்று கையைக் காட்டிச் சொல்லலாம். அந்த மீனைப் பிடித்தவர் அடுத்த தெருவில் இருப்பார். ஊருக்குத் திரும்பும்போது மாக்கல்லில் செதுக்கிய ஒரு சின்னப் பிள்ளையாரை வாங்குவார். துணி துவைத்தவர், ஆட்டோ ஓட்டியவர் என்று கணக்குப் போட்டால், ஒருவர் பத்து நாள் தங்கினால் பத்து வீட்டில் உலை கொதித்தது.

இதையெல்லாம் புனிதமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்தத் தெருவும் ஒரு காலத்தில் புதுசாக வந்ததுதான். அதற்கு முன்னால் அங்கே குப்பமும் மணலும்தான் இருந்தன. முதன்முதலில் வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்க ஆரம்பித்தபோது, ஊர் கெட்டுப்போச்சு என்று பேசிய பெரியவர்கள் பலர். கஞ்சாவைச் சொன்னார்கள், உடையைச் சொன்னார்கள். அதில் நியாயமும் இருந்தது. அதனால் “பழைய மகாபலிபுரம்” என்று நான் சொல்வது பல்லவர் காலத்து மல்லையை அல்ல. என் வயசுக்காரர்கள் பார்த்த, ஊர்க்காரர்கள் தாங்களே கட்டி நடத்திய ஒரு சின்னக் கடற்கரை ஊரைத்தான்.

கோயில்களைப் பற்றி இங்கே நான் விளக்கத் தேவையில்லை. ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, ராஜசிம்மன் காலத்துக் கடற்கரைக் கோயில் எல்லாம் சேர்ந்து 1984ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. பல்லவர்களுக்கு இது துறைமுகம். திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போது யானையும் நவமணியும் ஏற்றிப் பாரம் தாங்காமல் அசைந்து வரும் கப்பல்களைப் பாடுகிறார். வெளியூரிலிருந்து ஆளும் பணமும் வந்து இறங்குவது இந்த ஊருக்கு 1,300 வருடப் பழக்கம். முணுமுணுத்தாலும், வெளியாள் வருவதை எங்கள் ஊர் தடுத்ததில்லை.

எப்போது மாறியது என்று கேட்டால் நான் முதலில் கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சொல்வேன். 2000களின் தொடக்கத்தில் அது அகலமாகி, சுங்கச்சாவடியும் வந்தது. சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் குறைவு. ஒன்றரை மணி நேரத்தில் காரில் வந்துவிடலாம். பக்கத்திலேயே பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக எழும்பின. அதே காலத்தில்தான் மத்திய அரசின் சுற்றுலாக் கழகமான ஐ.டி.டி.சி. எங்கள் ஊர்க் கடற்கரையில் நடத்திவந்த விடுதி தனியாருக்கு விற்கப்பட்டது. பத்து நாள் தங்குகிறவரின் இடத்தில் சனி, ஞாயிறு வருகிறவர் வந்தார். அவருக்கு சைக்கிள் தேவைப்படவில்லை. காரை நிறுத்த இடம் தேவைப்பட்டது. ஒத்தவாடை தெருவில் அதற்கு ஏது இடம்? சாலையை ஒட்டி, வாசலில் காவலாளி நிற்கிற, பின்பக்கம் கடலுக்குத் திறக்கிற பெரிய வளாகங்கள்தான் அவருக்குப் பொருத்தம். கோவளத்திலிருந்து தெற்கே வரிசையாக அவைதான் முளைத்தன. நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி என்று சாலையிலிருந்து கடல் தெரிந்த இடமெல்லாம் இன்று மதில்சுவர் தெரிகிறது.

அந்த வளாகங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கிறது. தோட்டம், துப்புரவு, வாட்ச்மேன், சில பேருக்கு சமையற்கட்டு. மாதச் சம்பளம், பி.எஃப். என்று அதற்குரிய நிம்மதியும் இருக்கிறது. என் பள்ளித் தோழர்களில் இரண்டு பேர் அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். ஆனால் அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவும் அந்த அறைக்கே சம்பளத்துக்குப் பெருக்கப் போகிறவரும் ஒன்றல்ல. விருந்தாளிக்கு எந்த அறை, என்ன வாடகை, பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்பதையெல்லாம் முன்னே அந்தம்மா முடிவு செய்தார்.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது சுனாமியில். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்வாங்கியபோது, கடற்கரைக் கோயில் பக்கம் மண்ணுக்குள் கிடந்த பழைய கல்வேலைகள் வெளியே தெரிந்தன. உலகப் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. எங்கள் குப்பத்தில் படகும் வலையும் எஞ்சினும் போயின. அடுத்த சில வாரங்களில் ஒத்தவாடை தெருவில் எப்போதோ தங்கிவிட்டுப் போனவர்கள் தாங்கள் தங்கிய வீட்டுக்காரர் பெயருக்கே பணம் அனுப்பினார்கள். சிலர் நேரில் வந்தார்கள். எங்கள் கடைக்கும் ஒரு கடிதம் வந்தது, எல்லோரும் நலமா, சைக்கிளெல்லாம் என்ன ஆயிற்று என்று. யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போது வருகிறவர்களும் நல்லவர்கள்தான். நாளைக்கு அப்படி ஒன்று நடந்தால் யார் வீட்டுக்கு அனுப்புவார்கள்?

சுனாமிக்குப் பிறகு வந்த அரசாணைகளில் 2005 மார்ச் மாத அரசாணை 172 எல்லா மீனவ ஊர்களிலும் பேசப்பட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே தள்ளிப் போக ஒப்புக்கொண்டால் அரசு வீடு கட்டித் தரும். அங்கேயே இருக்கிறேன் என்றால் இருக்கலாம், ஆனால் வீட்டு உதவி கிடையாது. காலி செய்த இடம் பொதுப் பயன்பாட்டுக்குப் போகும். பாதுகாப்பு என்று பார்த்தால் இதில் தவறில்லை. ஆனால் அலையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்கூட அப்போது கேட்ட கேள்வி ஒன்றுதான்: “நாங்க போன இடத்துல நாளைக்கு யாரு வந்து உட்காருவாங்க?”

கடலோரத்தில் எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்லும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991ல் வந்தன. 2011ல் திருத்தினார்கள், 2019 ஜனவரியில் மறுபடி திருத்தினார்கள். கடைசித் திருத்தத்தில் மக்கள்தொகை அடர்ந்த கிராமப்புறக் கடற்கரைகளில் கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைந்தது. கடற்கரையிலேயே, அதிகபட்ச அலைக்கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி, தற்காலிகச் சுற்றுலாக் கொட்டகைகள் போடலாம் என்றும் வந்தது. மீனவர்கள் தங்கள் வீட்டின் அளவையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினர் தங்க அறை விடலாம் என்று ஒரு பிரிவும் அதே விதிகளில் இருக்கிறது. எங்கள் தெருக்காரர்கள் 40 வருடத்துக்கு முன்னாலேயே செய்துவந்த தொழிலுக்குக் கடைசியில் சட்டத்தில் ஒரு இடம். அந்தப் பிரிவை மட்டும் உண்மையாக நடத்திக் காட்டினாலே ஊரில் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் எண்ணம். ஆனால் ஒரு மீனவக் குடும்பத்துக்கு அந்த அனுமதியை வாங்க எத்தனை படி ஏற வேண்டும் என்பதை அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். பெரிய வளாகத்துக்கு அலைவதற்கென்றே ஆள் இருக்கிறது.

இதற்கு நடுவே மணலும் போய்க்கொண்டிருக்கிறது. நம் கிழக்குக் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். நடுவில் கல்லைக் கொட்டினாலோ சுவரை எழுப்பினாலோ அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். கடற்கரைக் கோயிலைக் காக்கப் பாறைகளைப் போட்டார்கள். அது செய்துதான் ஆக வேண்டிய வேலை. ஆனால் கோயிலுக்கு வடக்கேதான் மீனவர் குடியிருப்பும் ஒத்தவாடை தெருவும் இருக்கின்றன. சின்ன வயசில் நாங்கள் ஓடி விளையாடிக் களைத்த மணல், இன்று சில இடங்களில் பத்து எட்டு வைத்தால் முடிந்துவிடுகிறது. ஓட்டல் படிக்கட்டில் அலை வந்து அடிக்கிறது.

போன முறை ஊருக்குப் போனபோது, மீன் விற்கும் ஒரு அக்காவோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவுக்கு வாடிக்கையாக மீன் கொடுத்தவர். ஃபைபர் படகுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. வலையை விரித்துப் பிரிக்க இடமில்லாமல் இரண்டு பேர் அதை மடியில் போட்டுக்கொண்டு சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“கட்டுமரம் இருந்தப்ப எவ்வளவு இடம் கிடந்துச்சு தம்பி. இப்ப படகு பெருசு, கரை சின்னது. இருக்கிற கொஞ்சத்துலயும் நாற்காலி போட்டுட்டா வலைய எங்க காயவைக்கிறது, மீன எங்க கொட்டுறது?”

“பஞ்சாயத்துல பேசலையா அக்கா?”

“பேசினாங்க. பேசினா ஒரு மாசம் நாற்காலிய எடுப்பாங்க. அப்புறம் மறுபடி வரும். எங்க வூட்டுப் பையனே ரெண்டு பேரு அங்க வேலை செய்யறான். யாரோட சண்டை போடுறது சொல்லு?”

நான் என்ன சொல்வது? கூடையில் மிச்சமிருந்த காரப்பொடி மீனை அவரே ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

சிற்பிகளின் கதை வேறு மாதிரி. 1957ல் அரசு இங்கே சிற்பப் பயிற்சி தொடங்கி, அது பின்னால் கல்லூரியானது. அதில் படித்தவர்களும் அவர்களிடம் வேலை பழகியவர்களும் போட்ட பட்டறைகள்தான் ஐந்து ரதம் சாலையையும் சுற்று வட்டாரத்தையும் நிறைத்தன. உலகத்தில் எங்கே தமிழர்கள் கோயில் கட்டினாலும் அதில் எங்கள் ஊர் உளி பட்ட கல் ஒன்றாவது இருக்க வாய்ப்புண்டு. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு பட்டறை இருந்தது. விடிந்ததும் கொல்லர் உலையில் உளிகளைக் காய்ச்சித் தட்டிக் கூர் ஏற்றும் வேலை நடக்கும். கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கிவிடும் என்பதால் ஒரு சிற்பிக்குப் பக்கத்தில் ஒரு கட்டு உளி கிடக்கும். நூலைக் காவியில் நனைத்துக் கல்லில் கோடு போடுவார்கள். அதன்மேல் சுத்தியல் விழ ஆரம்பித்தால் மதியம்வரை அந்தச் சத்தம்தான். நான் பரீட்சைக்குப் படித்ததே அந்தச் சத்தத்தில்.

இப்போது கட்டர் மெஷின் வந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடிகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது. தூசியும் சத்தமும் பக்கத்தில் அறை எடுத்தவர்களுக்குத் தொந்தரவு என்று புகார் வர, பட்டறைகள் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே நகர்கின்றன. வாடகையும் தாங்கவில்லை. பின்பக்கப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு கஃபே. நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். அங்கே அலங்காரத்துக்காகச் சுவரில் பழைய உளிகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்த உளியைப் பிடித்தவருக்கு அந்தத் தெருவில் வேலை செய்ய இடமில்லை.

எங்கள் கடையும் அப்படித்தான் போனது. வாடகை ஸ்கூட்டர் வந்த பிறகு சைக்கிள் எடுப்பவர்கள் குறைந்தார்கள். அப்புறம் இடத்துக்காரர் கட்டடத்தை விற்றார். வாங்கியவர் மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். அப்பா சைக்கிள்களை ஒரு காயலான் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு நோட்டுகளை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தார்.

இந்த ஊரின் கடற்கரை யாருக்கு என்ற கேள்விக்கு நான் யோசித்து யோசித்து வந்து சேரும் இடம் மாசி மகம். தலசயனப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வருவதை எல்லோரும் அறிவார்கள். அதே பௌர்ணமிக்குப் பழங்குடிகளான இருளர்களும் வருகிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக முந்தின நாளே வந்துவிடுவார்கள். நாலு குச்சியை நட்டுச் சேலையைச் சுற்றிக் கட்டினால் கூடாரம். கரையெல்லாம் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சேலைகள் காற்றில் படபடக்கும். மூன்று கல் வைத்துச் சோறு பொங்குவார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட கன்னியம்மனைச் சமாதானப்படுத்தி அழைக்கத்தான் அவர்கள் வருகிறார்கள்.

ராத்திரி முழுக்கப் பாட்டும் ஆட்டமும். விடியற்காலையில் ஈர மணலில் கையாலேயே ஏழு படி வைத்துக் கட்டி, பூ வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றுவார்கள். பெரியவர்களுக்கு அருள் வரும். அந்த இடத்திலேயே பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது, குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவது எல்லாம் நடக்கும். போன வருடம் இங்கே பேசி முடித்த ஜோடி இந்த வருடம் கடலைப் பார்த்து நின்று தாலி கட்டிக்கொள்ளும். மண்டப வாடகை இல்லை, முன்பதிவு இல்லை. சின்ன வயசில் நானும் என் தங்கையும் விடியற்காலையில் எழுந்து ஓடி, ஒரே நேரத்தில் எத்தனை கல்யாணம் நடக்கிறது என்று எண்ணுவோம். எண்ணி முடித்ததே இல்லை.

ஒரு துண்டு நிலமும் சொந்தமாக இல்லாத குடும்பங்கள் அவர்களில் ஏராளம். பாம்புக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் பக்கத்தில் வடநெம்மேலியில்தான் இயங்குகிறது. 1978ல் தொடங்கிய சங்கம் அது. நாட்டுக்கே உயிர் மருந்து கொடுப்பவர்கள் அவர்கள். வருடத்தில் ஒரு ராத்திரி அவர்கள் வந்து படுக்க எங்கள் ஊர் மணல் இருந்தது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பெருமை. இப்போதும் வருகிறார்கள், கூட்டமும் குறையவில்லை. அரசும் தண்ணீர், விளக்கு, கழிப்பறை என்று ஏற்பாடு செய்கிறது. ஆனால் சேலை கட்டும் இடம் வருடா வருடம் ஒடுங்குகிறது. ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் அலை. யாரும் அவர்களை வராதே என்று சொல்லவில்லை. இடம் மட்டும் இல்லாமல் போகிறது.

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தபோது ஊரையே கழுவித் துடைத்தார்கள். சாலை பளபளத்தது, நடைபாதைக் கடைகள் மறைந்தன. இரு தலைவர்களும் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் கைகோத்து நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. அடுத்த சில நாளிலேயே வெண்ணெய் உருண்டையைப் பார்க்க 40 ரூபாய் டிக்கெட் வந்துவிட்டது. அந்தப் பாறைச் சரிவில் சறுக்கிச் சறுக்கி டவுசர் கிழிந்த தலைமுறை நாங்கள். நினைவுச்சின்னத்தைப் பாதுகாக்கப் பணம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஊர்ப் பிள்ளைகளை மட்டும் சாயங்காலத்தில் சும்மா விட்டிருக்கலாம். 2022ல் செஸ் ஒலிம்பியாட் வந்தது, 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆடினார்கள். அதுவும் பூஞ்சேரியில் ஒரு நட்சத்திர ஓட்டலில். 2021-22ல் தொல்லியல் துறையின் கட்டண நினைவுச்சின்னங்களில் தாஜ்மகாலையும் தாண்டி அதிக வெளிநாட்டவர் வந்தது எங்கள் ஊருக்குத்தான், சுமார் 1.45 லட்சம் பேர் என்று சுற்றுலாத் துறைப் புள்ளிவிவரம் சொன்னது. கொரோனா காலத்துக் கணக்கு, அதனால் அதை ஒரு எல்லைக்கு மேல் கொண்டாட முடியாது. இருந்தாலும் நானும் பெருமைப்பட்டேன். ஒத்தவாடை தெருவில் அறை வைத்திருக்கும் நண்பனிடம் போன் போட்டுச் சொன்னேன். “அப்படியா? எங்க தெருவுக்கு வரலியே” என்றான்.

வந்ததெல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. அலைச்சறுக்கைப் பாருங்கள். மீனவப் பிள்ளைகள் பலகையை எடுத்துக்கொண்டு அலையில் ஏறினார்கள். அலையைப் படிக்க அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அப்பன், பாட்டன் எல்லாம் அதில்தான் பிழைத்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அவர்களே கற்றுக்கொடுக்க ஆரம்பித்து, இன்று கோவளத்திலும் எங்கள் ஊரிலும் அது ஒரு தொழில். 2023ல் சர்வதேசப் போட்டி இங்கே நடந்தது, 2025ல் ஆசியப் போட்டியே வந்தது. பலகை வாடகை, பயிற்சிக் கட்டணம், பக்கத்துக் கடையில் டீ, மதியம் மீன் குழம்புச் சாப்பாடு என்று அந்தப் பணம் ஊருக்குள் நடந்து போகிறது. புதுத் தொழில்தான். ஆனால் ஊர்க்காரன் தெரிந்து வைத்திருக்கும் ஒன்றில்தான் அது நிற்கிறது. அப்படி இன்னும் நாலு தொழில் வந்தால் நான் பழைய சைக்கிள் கடையை மறந்தே போவேன்.

இனிமேல் வரப்போவது இன்னும் பெரியது. மாமல்லபுரத்தைச் சென்னையின் துணை நகரமாக வளர்க்கும் திட்டம் பேசப்படுகிறது. பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே போகிறது. தலசயனப் பெருமாள் கோயில் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊருக்குள் நிற்கும் நிலை மாறும். நெரிசலைப் பார்த்தால் தேவைதான். ஆனால் இறங்குகிற பயணி ஊருக்குள் நடந்து வர ஒரு காரணம் இருக்க வேண்டும். அதைத் திட்டம் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

அதைவிட அவசரமானது கடற்கரை வரைபடம். 2023ல் தமிழ்நாட்டின் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைவு வெளியானபோது, கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மீனவர்கள் கொதித்தார்கள். பல ஊர்களே வரைபடத்தில் விட்டுப்போயிருந்தன. படகு நிறுத்தும் இடம், வலை காயப்போடும் இடம், மீன் விற்கும் இடம் இவையெல்லாம் ஊர்ப் பொது இடம் என்று குறிக்கப்படவில்லை. குறிக்கப்படாத மணல் அரசுக் கணக்கில் காலி இடம். காலி இடம் என்றால் யார் வேண்டுமானாலும் கொட்டகை போடக் கேட்கலாம். சேலை கட்டி ஒரு ராத்திரி படுக்கும் இடத்தை எந்த வரைபடத்தில் எந்த நிறத்தில் குறிப்பார்கள்? குறித்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். வருடத்தில் ஒரு நாள் பயன்பாடும் பயன்பாடுதான்.

அதற்கு ஆதாரம் வேண்டும். இந்த இடத்தில் எப்போதும் படகு நின்றது என்று வாயால் சொன்னால் எடுபடாது. எங்கள் குப்பத்தில் அந்தக் காலத்தில் யாரிடமும் கேமரா இல்லை. கேமரா வைத்திருந்தவர்கள் வந்து போனவர்கள்தான். அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். பள்ளிச் சுற்றுலாவுக்கோ, கல்யாணமான புதிதிலோ, குழந்தைகளோடோ 1970 முதல் 2004 வரை மகாபலிபுரம் வந்திருப்பீர்கள். கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் நின்று படம் எடுத்திருப்பீர்கள். ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் தோளுக்குப் பின்னால் கட்டுமரமோ, விரித்த வலையோ, மாசி மகக் கூடாரமோ தெரிந்தால், எந்த வருடம் எடுத்தது என்று பின்பக்கம் குறித்திருந்தால் இன்னும் நல்லது, ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஊர் பஞ்சாயத்தார் அடுத்து கொடுக்கப்போகும் மனுவோடு அவற்றைச் சேர்த்துக் கொடுக்கிறோம்.